எண்ணெயில் குழைத்த குங்குமம்

ஆரோக்கியசெல்வியை அந்தப் பட்டறையில் ஒருவருக்கும் பிடிக்காது. அவளுக்கும் அங்கே ஒருவரையும் பிடிக்காது. இந்த ஒன்றில் மட்டும் இரு தரப்பாருக்கும் கருத்து வேற்றுமை எழுந்ததில்லை.

பாகலூர்ச் சாலையில், அட்டைப்பெட்டி ஆலைக்கும் ரோஜாப் பண்ணையொன்றின் பின்சுவருக்கும் நடுவே தகரக் கூரையிட்ட நீண்ட கொட்டகை ஒன்று உண்டு. அதற்குப் பெயர்ப்பலகை கிடையாது. பெங்களூரைச் சேர்ந்த சந்தோஷ், தந்தையார் விட்டுச் சென்ற செல்வத்தைக் கொண்டு, உலகில் மிகச் சிலரே வாங்கத் துணியும் சூப்பர்கார் ஒன்றை இங்கே உருவாக்கியே தீருவது என்று தொடங்கிய இடம் அது. விற்பனைக்கு உரிய வண்டி இன்னும் அங்கிருந்து வெளிவரவில்லை. அதற்கு முன்னோட்டமாகச் செய்து, ஓட்டிப் பார்த்து, குறை கண்டு, கழித்துவிடுகிற மாதிரி வண்டிகளே வந்தன. அவற்றைப் புரோட்டோ என்று முதலாளி அழைப்பார். தொழிலாளர் வைத்த பெயர்கள் வேறு. முதலாவதற்கு எருமை என்றும் இரண்டாவதற்குத் தவளை என்றும் மூன்றாவதற்கு நாகம் என்றும் பெயர்.

எருமை முழுவதும் இரும்பு. அதன் எலும்புக்கூட்டைப் பற்றவைத்தவர் பாகலூர் நாராயணப்பன். வீட்டில் தெலுங்கும் சந்தையில் கன்னடமும் பட்டறையில் தமிழும் பேசும் அவர், முன்னாளில் ரோஜாக் கொட்டகைகளுக்குக் குழாய் வளைத்துப் பற்றவைத்துக்கொண்டிருந்தவர். இஞ்சினை இருக்கைக்குப் பின்னால் வைத்த அந்த முதல் வண்டி, ஓட்டுபவரின் முதுகை அடுப்பெனச் சுட்டது. கதவைத் திறக்க இரு கைகள் தேவைப்பட்டன. ஆனாலும் அது ஓடியது.

ஓடுவதற்கு முன் சந்தோஷ், எல்லார் எதிரிலும், "இந்த வெல்டிங் தாங்குமா மேஸ்திரி?" என்று கேட்டுவிட்டார். நாராயணப்பன் ஓட்டுநர் இருக்கைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டார். "பத்த வெச்சவன் உள்ள உட்கார்ந்துட்டேன். ஓட்டுங்க, பாத்துக்கலாம்" என்றார். அன்றுமுதல் அது அந்தப் பட்டறையின் மரபாயிற்று. வண்டியின் கூட்டில் கடைசிப் பொருத்தைச் செய்தவர் எவரோ, அவர் முதல் ஓட்டத்தில் ஓட்டுநர் பக்கத்தில் அமர்ந்தே ஆகவேண்டும். அமர மறுப்பவர் தம் கைவேலையைத் தாமே பழித்தவராவார்.

தவளை அலுமினியத் தகடுகளை மடித்து, ஆணி அறைந்து செய்தது. எடை பெரிதும் குறைந்தது. அந்த ஆண்டு ஆயுத பூசை நாளில் சந்தோஷ் வெளிநாட்டில் இருந்தார். அவசரத்தில் பூசையே நடக்கவில்லை. முதல் ஓட்டத்தில் முன்சக்கரத்தைத் தாங்கும் வார்ப்பு உடைந்து, வண்டி சாலையை விட்டிறங்கி ஒரு முட்டைகோசுத் தோட்டத்துக்குள் பாய்ந்தது. பக்கத்தில் அமர்ந்திருந்த நாராயணப்பனின் இடக்கை முறிந்தது. வார்ப்பில் குறை என்று பொறியாளர்கள் காட்டினார்கள். நாராயணப்பன் அதைக் கேட்டுக்கொண்டார், நம்பவில்லை. பொட்டு வைக்காமல் வாசல் தாண்டிய வண்டிக்கு வேறு என்ன கதி நேரும் என்பதே அவர் கேள்வி. கைக்குள் கம்பியைச் சுமந்துகொண்டு திரும்பி வந்தார். அந்தக் கேள்வியையும் சுமந்துகொண்டு வந்தார்.

ஆரோக்கியசெல்வி பட்டறைக்குள் வந்தது தவளையின் காலத்தில். பிறந்தது கிருஷ்ணகிரிக்கு அருகிலுள்ள எலத்தகிரி. பத்தாம் வகுப்போடு நிறுத்திவிட்டு ஒசூருக்கு வந்து ரோஜாப் பண்ணையில் பூ அறுத்தாள். முள்ளும் மேற்பார்வையாளனும் ஒருசேரக் குத்தவே அதை உதறிவிட்டு, ஃபைபர் தண்ணீர்த்தொட்டி செய்யும் இடத்தில் சேர்ந்தாள். ரெசின் என்னும் பிசினின் குணம் அவளுக்கு அங்கே பழகியது. தொழிற்சாலைப் பேருந்து ஓட்டும் பாக்கியராஜை மணந்து மத்திகிரியில் குடியேறினாள்.

அவள் நாவு கூரியது. தன் கத்தரிக்கோலைப் பிறர் தொட்டால், தொட்டவரின் பரம்பரை முழுவதையும் விசாரிப்பாள். யாரோடும் சேர்ந்து உண்ணமாட்டாள். மேசையருகே எவராவது தும்மினால், கார்பன் இழைத் துணியைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வேறிடம் போவாள். வேலையில் அவள் கொண்டிருந்த தூய்மை, மனிதரிடம் காட்டிய அருவருப்பாகவே மற்றவர் கண்களுக்குப் பட்டது. அப்படிப் பட்டதில் முழுத் தவறும் இல்லை.

மூன்றாம் வண்டி அவளுடையது. இரும்பும் அலுமினியமும் போய், கறுத்த கார்பன் துணியை அடுக்கடுக்காகப் படியவைத்து, ரெசின் ஊட்டி, சூளையில் வேகவைத்து எடுத்த கூடு. மேல்பாதி, கீழ்பாதி என இரு ஓடுகள். அவ்விரண்டையும் விளிம்போடு விளிம்பு சேர்த்துப் பிணைப்பது பசை ஒன்றே. பற்றவைப்பு இல்லை, ஆணியும் இல்லை. விற்பனை வண்டிகளுக்கான கூட்டுப் பிரிவு தொடங்கும்போது அதன் தலைமையை, நாகத்தின் முதல் ஓட்டத்தில் பக்கத்தில் அமர்பவருக்கே தருவதாகச் சந்தோஷ் அறிவித்திருந்தார். அந்த இருக்கைக்காக அவள் எதையும் பொறுத்துக்கொள்ளச் சித்தமாக இருந்தாள்.

நாராயணப்பனுக்கு அது பொறுக்கவில்லை.

"பசைக்கு மேல உட்கார்ந்து பறக்கப் போறாராம் மொதலாளி. கவர் ஒட்டுற பசை இல்ல அது?" என்றார்.

"உங்க வெல்டிங் ஒரு கோடு தான் புடிக்கும் மேஸ்திரி. என் பசை விளிம்பு முழுக்கப் புடிக்கும்" என்றாள் அவள். "முட்டைகோஸ் தோட்டத்துக்கும் போவாது."

அவருடைய முறிந்த கையைப் பார்த்துக்கொண்டே அவள் சொன்ன சொல் அது. அதன்பின் அவர்கள் வேலைக்கு வேண்டிய அளவே பேசினார்கள், பேசியதெல்லாம் உறைத்தது.

அந்த ஆண்டு ஆயுத பூசை குறைவின்றி நடந்தது. கடைசல் இயந்திரம் முதல் துடைப்பம் வரை எல்லாவற்றுக்கும் சந்தனமும் குங்குமமும் இட்டு, மாவிலை கட்டி, பூசணி உடைத்தார்கள். இரும்பில் பொட்டு உலர்ந்து உதிர்ந்துவிடும் என்பதால், நாராயணப்பனின் வீட்டில் குங்குமத்தை விளக்கெண்ணெயில் குழைத்துத்தான் இடுவது வழக்கம். ஏர்க்கொழுவுக்கு அப்படித்தான் இட்டார்கள். வெல்டிங் இயந்திரத்துக்கும் அப்படியே. இப்போது கார்பன் ஓடுகளின் விளிம்பைச் சுற்றி, சீரான இடைவெளியில், அதே குங்குமத்தை அவர் இட்டார். அவ்வளவு அழகாக, அவ்வளவு பக்தியோடு இட்ட திலகங்களை அந்தக் கொட்டகை அதற்குமுன் கண்டதில்லை.

மறுநாள் காலை பசை ஒட்ட வேண்டிய விளிம்பு அதுதான்.

உள்ளே நுழைந்த ஆரோக்கியசெல்வி ஒரு கணம் நின்றாள். பிறகு கையுறை அணிந்து, அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்து, உப்புத்தாளை எடுத்து ஒவ்வொரு பொட்டாகத் தேய்க்கத் தொடங்கினாள். சூளைக்காரனான சென்றாயன் அதைக் கண்டு, மற்றவர்களைக் கூவி அழைத்தான்.

"யாரைக் கேட்டுத் தேய்க்கற?" என்றார் நாராயணப்பன்.

"யாரைக் கேட்டு வெச்சீங்க?"

"சாமிக்கு வெச்சதும்மா அது."

"எண்ணெய் மேல பசை புடிக்காது. சாமிக்கு வெக்கிறதா இருந்தா உங்க மெஷின்ல வைங்க. இதுல எதுக்கு?"

"சிலுவை வரைஞ்சிருந்தா தேய்ப்பியா நீ?" என்றான் சென்றாயன்.

"மாதாவே வந்து எண்ணெயில கைநாட்டு வெச்சாலும் தேய்ப்பேன். தள்ளி நில்லு, எச்சில் தெறிக்குது."

தெய்வத்துக்கு இட்ட திலகத்தை உப்புத்தாளால் உரசுவது காணப் பொறாத காட்சியே. அதைக் கண்டு உள்ளம் கொதித்தவர்களைக் குறை கூறுவது எளிதன்று. முன்கூட்டி ஒரு சொல் சொல்லி, அவர்கள் கையாலேயே துடைக்கச் செய்திருக்கலாம். அத்தகைய பொறுமை அவளிடம் இருந்ததில்லை. விளிம்பு முழுவதும் தேய்த்து, மீண்டும் துடைத்து, வெண்துணியில் கறை படியவில்லை என்று கண்டபின், குளிர்ந்த அறைக்குள் பசை கலக்கப் போனாள்.

அந்த இடைவெளியில் நாராயணப்பன் குங்குமச் சிமிழைத் திறந்தார். ஓட்டுநர் இருக்கைக்குப் பின்னால், இஞ்சின் வந்து பொருந்தும் மூலையில், மேல் ஓட்டின் விளிம்பில் கட்டைவிரலால் ஒரே ஒரு பொட்டு இட்டுக் கண்ணை மூடி நின்றார். அவர் மனத்தில் வஞ்சம் இல்லை. இந்த வண்டியும் வெறும் நெற்றியோடு வாசல் தாண்டலாகாது என்ற அச்சம் மட்டுமே இருந்தது. சங்கிலியில் தொங்கிய மேல் ஓட்டின் அடிப்புறத்தை யாரும் திரும்ப அண்ணாந்து பார்க்கவில்லை. அவள் கீழ் விளிம்பில் பசையை இழுத்தாள். மேல் ஓடு இறங்கி அமர்ந்தது.

அதற்குப் பின் வந்த மாதங்கள் கசப்பானவை. அவளுடைய தம்ளர் தனியே ஒதுக்கப்பட்டது. கையுறைகள் காணாமற்போயின. அவள் வரும்போது பேச்சு நின்றது. அவள் கடந்தபின் சிரிப்பு எழுந்தது. அவளும் சும்மா இருக்கவில்லை. சென்றாயன் சூளையின் சூட்டைக் கவனியாது போன்பேசிக்கொண்டிருந்ததை முதலாளியிடம் சொல்லி, அவனைப் பொதி பிரிக்கும் வேலைக்கு மாற்றவைத்தாள். நாராயணப்பனின் கை நடுங்குகிறது, அவர் முக்கிய வேலைக்கு ஆகார் என்று அவர் காதில் விழும்படியே கூறினாள்.

"எதுக்கு இந்தச் சண்டை? வேற கம்பெனி பாரு செல்வி" என்றான் பாக்கியராஜ்.

"நான் ஒட்டுனது ஓடணும். நான் அதுல உட்காரணும். அப்புறம் பாக்கலாம்."

"அவனுங்க உன்னை உட்கார வுடுவானுங்களா?"

"உட்கார வெச்சே ஆவணும். அது மேஸ்திரி கொண்டாந்த வழக்கம் தானே."

முதல் ஓட்டத்துக்குப் பேரிகைப் பக்கம், வீட்டுமனைக்காகப் போட்டு வீடே எழாமற் கிடந்த நேர்ச்சாலையைப் பிடித்திருந்தார்கள். இருபுறமும் எல்லைக்கற்கள். முதலீடு செய்ய எண்ணிச் சென்னையிலிருந்து வந்த இருவர் குடைக்கீழ் நின்றார்கள். நாகம் காலை வெயிலில் நெய்த கூந்தல்போல மின்னியது. சந்தோஷ் தாமே ஓட்டுவதாக இருந்தார். ஆரோக்கியசெல்வி தலைக்கவசம் அணிந்து பக்கத்து இருக்கையில் இறங்கினாள். வார்ப்பட்டை இறுக்குவது நாராயணப்பனின் வேலை. சந்தோஷ் இன்னும் விருந்தினரோடு பேசிக்கொண்டிருந்தார்.

"பயமா இருக்குதா?" என்றார் நாராயணப்பன், பட்டையை இழுத்தபடி.

"பயம் உங்களுக்கு. ஓடிட்டா என்ன பண்றதுன்னு."

"ஓடும். நீ ஒட்டுனதால இல்ல. நீ தேய்ச்சது போக ஒண்ணு உள்ள இருக்குது, அது காப்பாத்தும்."

"என்ன ஒண்ணு?"

"பொட்டு. பசை கலக்கப் போனியே, அப்ப வெச்சேன். டிரைவர் சீட்டுக்குப் பின்னாடி, மூலையில." அவர் முகத்தில் பல நாள் காத்துவைத்த வெற்றி தெரிந்தது. "இப்பத் தேய், பாக்கலாம்."

அவள் தலையைத் திருப்பி அந்த மூலையைப் பார்த்தாள்.

"எண்ணெயிலயா?"

"பின்ன தண்ணியிலயா வெப்பாங்க?"

அவள் பட்டையைக் கழற்றினாள். இறங்கினாள். தலைக்கவசத்தை இருக்கையில் வைத்துவிட்டுச் சந்தோஷிடம் நேரே போய், "வண்டி எடுக்காதீங்க சார். பொருத்துல எண்ணெய் இருக்குது" என்றாள்.

விருந்தினர் திரும்பிப் பார்த்தார்கள். சந்தோஷ் அவளைத் தனியே இழுத்துப் போனார். நடந்ததைக் கேட்டார். நாராயணப்பன் மறைக்கவில்லை, பொட்டு வைத்ததாக ஒப்புக்கொண்டார்.

"ஒரு பொட்டுக்கா?" என்றார் சந்தோஷ். "அவ்வளவு பெரிய விளிம்புல ஒரு பொட்டு என்ன பண்ணும்?"

"இஞ்சின் இழுக்கிற மூலை சார் அது. தொடங்குனா அங்கதான் தொடங்கும். அப்புறம் நிக்காது."

"பட்டறையில பாரம் ஏத்திப் பாத்தோமே, தாங்குச்சே."

"நிக்கிற வண்டியில பாத்தீங்க."

சென்றாயன் பின்னாலிருந்து சிரித்தான். "பயந்துடுச்சு சார். சாமி மேல பழி போடுது."

சந்தோஷின் பார்வையும் அதையே சொன்னது. உட்கார மறுத்தால் அவளுடைய வேலை பழிக்கப்படும். பிரிவுத் தலைமையும் போகும். உட்கார்ந்தால், தான் அறிந்த ஒன்றை அறியாதவள்போல் நடித்து, தன் உயிரையும் எதிரில் நிற்பவரின் உயிரையும் பணயம் வைக்க வேண்டும். இவ்விரண்டுக்கும் நடுவே வழி இருப்பதாக அவளுக்குத் தெரியவில்லை.

"நான் உட்கார மாட்டேன்" என்றாள்.

"சரி, நான் உட்கார்றேன்" என்றார் நாராயணப்பன். தலைக்கவசத்தை எடுத்து மாட்டினார். முறிந்த கையால் கதவைப் பற்றி உள்ளே இறங்கினார். சந்தோஷ், "சாக்கு, சாக்கு" என்று, போதும் என்பதைக் கன்னடத்தில் முனகிவிட்டு ஓட்டுநர் இருக்கையில் அமர்ந்தார். இஞ்சின் முழங்கியது, சாலையோரத்துக் காகங்கள் எழுந்து பறந்தன.

ஆரோக்கியசெல்வி நடந்துபோய், வண்டியின் மூக்குக்கு நேர் எதிரே, தாரில் சம்மணமிட்டு அமர்ந்தாள்.

வண்டியின் ஹாரன் ஒலித்தது. அவள் அசையவில்லை. விருந்தினரில் ஒருவர் போனை உயர்த்திப் படம் பிடித்தார். சந்தோஷ் தலையை வெளியே நீட்டினார்.

"எழுந்திரு செல்வி. வேலை போயிடும்."

"போவட்டும்."

நாராயணப்பனுக்கு அவமானம் தாங்கவில்லை. "எனக்காக உசுரு வுட வந்துட்டியா நீ? நான் கேட்டேனா?" என்று உள்ளிருந்தே கத்தினார்.

"உங்களுக்காக இல்ல மேஸ்திரி. நீங்க செத்தா என் பசை கொன்னுச்சுன்னு சொல்லுவாங்க. உங்க எண்ணெய் கொன்னுச்சுன்னு ஒருத்தன் சொல்ல மாட்டான்."

எல்லைக்கற்களுக்கு நடுவே வளைந்து செல்ல இடமில்லை. சென்றாயனும் இன்னொருவனும் அவளைத் தூக்க வந்தார்கள். மேலே கை வைத்தால் காவல் நிலையம் போவதாக அவள் அமைதியாகக் கூறவே, விலகி நின்றார்கள். விருந்தினர் தங்களுக்குள் ஏதோ பேசிக்கொண்டு காரை நோக்கி நடக்கத் தொடங்கினர். சந்தோஷ் இஞ்சினை அணைத்தார். அவள் எழுந்து புழுதியைத் தட்டிக்கொள்ளும் முன்பே, நாளைமுதல் வரவேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

அவள் வீட்டுக்குப் போய் இரு நாள் உறங்கினாள் என்று பாக்கியராஜ் பிற்பாடு கூறினான். அழவில்லை. தன் கத்தரிக்கோலைப் பட்டறையில் விட்டு வந்ததற்காக மட்டும் ஏசிக்கொண்டிருந்தாளாம்.

கூட்டை அறுக்கச் சந்தோஷுக்கு மனம் வரவில்லை. அறுத்தே ஆகவேண்டும் என்று நின்றவர் நாராயணப்பன். அவள் பொய்க்காரி என்பது ஊரறிய வேண்டும் என்பது அவர் வைராக்கியம். தெய்வத்தின் பெயரால் தாம் இட்ட ஒன்றைக் கொலைகாரப் பொருளாக்கிப் பலர் நடுவே பேசியவளை, வேலையை விட்டு அனுப்பினால் மட்டும் போதாது என்றார். "அறுங்க. எவ பொய் சொன்னான்னு தெரியட்டும்" என்று அறுவை இயந்திரத்தைத் தாமே எடுத்தார்.

விளிம்பின் மற்ற இடங்களில் பொருத்து பிரியவில்லை. வாள் கார்பனையே தின்ன வேண்டியிருந்தது. கறுத்த தூசு முகமெல்லாம் படிந்தது. பசை பிடித்த இடத்தில் கார்பன் கிழிந்ததேயன்றிப் பசை விடவில்லை. ஓட்டுநர் இருக்கையின் பின்மூலைக்கு வந்தபோது, உளியை வைத்து ஒரு தட்டு தட்டினார். ஓடுகள் உள்ளங்கை நீளத்துக்கு ஓசையின்றித் திறந்துகொண்டன. உள்ளே பசை ஒருபுறம் வழுவழுவென்று உரிந்து நின்றது. நடுவே குங்குமம், இட்ட காலையில் இருந்ததுபோலவே ஈரமாகச் சிவந்திருந்தது. பொட்டு கட்டைவிரல் அளவு. அதைச் சுற்றிப் பரவிய எண்ணெய்தான் உள்ளங்கை அளவுக்குப் பிடிப்பை அழித்திருந்தது.

சந்தோஷ் தலையில் கை வைத்துக்கொண்டார். சென்றாயன் மெல்ல நழுவினான். நாராயணப்பன் நெடுநேரம் அந்தச் சிவப்பைப் பார்த்துக்கொண்டு நின்றார். பிறகு முகத்தில் படிந்த தூசைத் துடைக்காமலே, "கூப்பிடுங்க அவளை" என்றார்.

சந்தோஷ் போனில் அழைத்தார். தவறு நேர்ந்துவிட்டதாகவும், வேலையும் தலைமையும் அவளுடையதே என்றும் கூறினார்.

"நீங்க சொன்னா பத்தாது சார்" என்றாள் அவள். "மேஸ்திரி சொல்லட்டும். எல்லாரும் இருக்கறப்ப."

மறுநாள் அவள் வந்தபோது எல்லாரும் பிளந்த கூட்டைச் சுற்றி நின்றிருந்தார்கள். ஒருவரும் வணக்கம் சொல்லவில்லை. அவள் குனிந்து, திறந்திருந்த மூலையை மட்டும் பார்த்தாள். விரலால் தொடவில்லை. நிமிர்ந்து நாராயணப்பனை நோக்கினாள்.

"சாமிக்கு வெச்சத நான் தப்புன்னு சொல்ல மாட்டேன்" என்றார் அவர். "எண்ணெயில வெச்சது தப்பு."

"பத்தும்."

"எனக்குப் பத்தாது. நீ அந்த உப்புத்தாள எடுத்துத் தேய்ச்ச பாரு, அத நான் சாவற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"மறக்க வேணாம். சொல்லிட்டுத் தேய்ச்சிருக்கணும். சொல்லல." அவள் அவ்வளவில் நிறுத்திக்கொண்டாள். மன்னிப்பு என்ற சொல்லை இருவரும் உச்சரிக்கவில்லை.

சந்தோஷ் தொண்டையைச் செருமி, நான்காம் வண்டிக்குப் புதிய வார்ப்பச்சு தேவை, இடத்தை ஒழிக்க வேண்டும் என்றார். மேல் ஓட்டை எடுத்துப் பின்கொட்டகையில் போடவேண்டும். அது எடை மிகுந்ததன்று. ஆயினும் அகலமானது, ஒருவரால் தூக்க இயலாது. மற்றவர்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு நின்றார்கள். அவள் ஒரு முனையைப் பற்றினாள். நாராயணப்பன் மறு முனைக்குப் போய், நல்ல கையை அடியில் கொடுத்துத் தூக்கினார். அவர் பின்புறமாக நடக்க வேண்டியிருந்தது.

"வலப்பக்கம் தூணு" என்றாள்.

"தெரியும். எனக்குக் கண்ணு இருக்குது."

"கை நடுங்குது."

"ஓடு நடுங்குது. கை இல்ல. நட."